பீக் பவர் ஒவ்வொரு தடவையும் மாறுதே, எதைத்தான் நம்பறது?

கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். நான் புரிஞ்சுக்கிட்டது இது: போர்டுல இருந்து 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி) டவுன்லிங்க் சிக்னல் லைவா வருது, சிஎஃப்ஆர் (உச்சங்களை முன்கூட்டியே குறைக்கற வேலை) இன்னும் ஆன் பண்ணல. சிக்னல் அனலைசர்ல சிசிடிஎஃப் (ஆவரேஜுக்கு மேல இத்தனை டிபி-யை சிக்னல் எத்தனை சதவீத நேரம் தாண்டுதுன்னு காட்டற கோடு) போட்டுப் பார்த்தா பிஏ-வுக்கு (பவர் ஆம்ப்ளிஃபையர்) உள்ள போற இடத்துல 0.01%-க்கு நேரா 9.5 டிபி, அது ஆடாம நிக்குது. ஆனா டேபிள்ல கடைசி வரியா வர்ற பீக் மட்டும் காலையில 10.9, மத்தியானம் 11.6. பிஏ அவுட்புட்ல ஆவரேஜ் 30 டிபிஎம் (1 மில்லிவாட்டுக்கு மேல 30 டிபி), அங்க 0.01% 8.1-ஆ இறங்கியிருக்கு. லீட் வந்து "கதையெல்லாம் வேணாம், பீக் பவர் எவ்வளவு, ஒரே நம்பர் சொல்லு"ன்னு நிக்கறாரு. நீங்க கேட்டது அனலைசர்ல ஏதாவது கோளாறான்னு. ஆனா உங்களுக்கு நிஜமா வேண்டியது வேற, இந்த மாதிரி சிக்னலுக்கு பீக்னு ஒரு நம்பர் இருக்கா, இல்லேன்னா லீட் கையில எதை எழுதிக் கொடுக்கறது.

முதல்ல நல்ல சேதி, உங்க பீக் ஆடறதுக்கு அனலைசர் காரணம் இல்ல. நான் பதினாலு வருஷமா ஆர்எஃப் டெஸ்ட் பெஞ்ச்லதான் குப்பை கொட்டறேன், இந்தக் கேள்வியை ஜூனியர் பசங்க கிட்ட இருந்து வருஷத்துக்கு நாலு தடவையாவது கேட்டுடுவேன், நானும் ஆரம்பத்துல கேட்டவன்தான். பீக்குங்கறது சிக்னல்ல ஒட்டி வச்ச நம்பர் இல்ல, நீங்க எவ்வளவு நேரம் உத்துப் பார்த்தீங்கங்கறதும் அதுல கலந்திருக்கு. இதுல சந்தேகமே கிடையாது, கணக்கு போட்டே காட்டிடலாம்.

எல்டிஇ 20 மெகாஹெர்ட்ஸ்ல 1200 சப்கேரியர், ஒவ்வொண்ணும் 15 கிலோஹெர்ட்ஸ் தள்ளி. ஒவ்வொண்ணும் அதுல ஏத்தின டேட்டாவைப் பொறுத்து ஒரு ஃபேஸ்ல சுத்திக்கிட்டு இருக்கும். எல்லாத்தையும் கூட்டும்போது பெரும்பாலான நேரம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், எப்பவாவது கொஞ்சம் பேர் ஒரே பக்கம் திரும்பி நிப்பாங்க, அப்ப ஒரு உச்சம் எழும்பும். ஒரே சுருதியில, ஃபேஸ் மட்டும் இஷ்டத்துக்கு இருக்கற நிறைய அதிர்வுகளைக் கூட்டினா என்ன ஆகும்னு லார்டு ரேலி 1880-லயே கணக்கு போட்டு வச்சுட்டாரு, அவரு பார்த்தது ஒலிக்காக, நாம இன்னிக்கு ஆன்டெனாவுக்கு யூஸ் பண்றோம். ஆம்ப்ளிட்யூட் ரேலி டிஸ்ட்ரிபியூஷன்ல வரும், பவர் எக்ஸ்பொனென்ஷியலா வரும். இதுல இருந்து மனசுக்குள்ளயே போடக்கூடிய ஒரு கணக்கு கிடைக்குது: எத்தனைல ஒரு தடவைங்கற நம்பரை எடுத்து அதுக்கு நேச்சுரல் லாக் போடுங்க, அதை டிபியா மாத்துங்க, முடிஞ்சுது. 0.01%-ன்னா பத்தாயிரத்துல ஒண்ணு, பத்தாயிரத்தோட நேச்சுரல் லாக் 9.21, அது 9.64 டிபி. இதே மாதிரி 10%-க்கு 3.62, 1%-க்கு 6.63, 0.1%-க்கு 8.39, 0.001%-க்கு 10.61 டிபி. அனலைசர் ஸ்கிரீன்ல தனியா ஒரு கோடு போகுமே, காஸியன் ரெஃபரன்ஸ்னு, அது இந்த நம்பர்கள்தான். உங்க 9.5 அதுக்குப் பக்கத்துலயே இருக்கு, சிஎஃப்ஆர் இல்லாத ஓஎஃப்டிஎம் (இப்படி நிறைய சப்கேரியரைக் கூட்டி அனுப்பற சிக்னல்) எப்படி இருக்கணுமோ அப்படித்தான் இருக்கு.

டேபிளோட மேல ஆவரேஜ் பவருக்குக் கீழ "0 டிபி-ல இத்தனை சதவீதம்"னு ஒரு வரி இருக்கும், பாதிப் பேர் அதைக் கண்டுக்கறதே இல்ல. காஸியன் மாதிரி சிக்னல்னா அங்க 36.8% பக்கத்துல இருக்கணும். நான் எப்பவும் மொதல்ல அதைத்தான் பார்ப்பேன். அது 12-ஓ 20-ஓ காட்டினா கீழ இருக்கற ஒரு நம்பரையும் படிக்க மாட்டேன், ஏன்னு அப்புறம் சொல்றேன்.

இப்ப லீட் கேக்கற "உண்மையான" பீக்குக்கு வருவோம். 1200 சப்கேரியரும் ஒரே பவர், ஒரே நொடியில ஒரே ஃபேஸ்ல வந்து நின்னா ஆவரேஜுக்கு மேல 30.8 டிபி போகும். உங்க ஆவரேஜ் 30 டிபிஎம், அதாவது 1 வாட். அப்ப பீக் 60.8 டிபிஎம், 1200 வாட். ஒரு வாட் அனுப்ப 1200 வாட் பிஏ வாங்கித் தாங்கன்னு கேட்டுப் பாருங்க, லீட் முகம் எப்படிப் போகுதுன்னு. நீங்களும் நானும் உயிரோட இருக்கற வரைக்கும் அந்த பீக்கை பார்க்கப் போறதில்ல. கல்யாண ரிசப்ஷனுக்கு 600 பத்திரிகை வச்சா சமையல் கான்ட்ராக்டர் 600 இலை ஒரே பந்தியில போட டேபிள் கேக்கறாரா? ஏழரை மணி பந்தியில எத்தனை பேர் உக்காருவாங்க, எப்பவாவது பத்துப் பேர் நின்னா பரவாயில்லையான்னுதான் கேப்பாரு. சிசிடிஎஃப் அந்தக் கணக்குதான். இத்தனை டிபிக்கு மேல சிக்னல் எத்தனை சதவீத நேரம் இருக்குங்கறதை வளைகோடா வரைஞ்சு காட்டுது, எவ்வளவு பேரை நிக்க வைக்கலாம்னு முடிவு பண்றது நம்ம வேலை.

உங்க 10.9-ம் 11.6-ம் எங்க இருந்து வந்துச்சு? ஒரு லட்சம் சாம்பிள் எடுத்தா அதுல பெரிசு ஆவரேஜா 10.8 டிபி பக்கம் விழும். பத்து லட்சம் எடுத்தா 11.6. ஒரு கோடி எடுத்தா 12.2. பத்து மடங்கு அதிகமா பார்த்தா ஏறத்தாழ 0.7 டிபி ஏறும், இதுக்கு முடிவே கிடையாது, மெஷினை ராத்திரி முழுக்க ஓட விட்டுட்டுப் போனா காலையில இன்னும் மேல போயிருக்கும். என் ஊகம், காலையில சீக்கிரமே நிறுத்திட்டீங்க, மத்தியானம் கன்டினியூவஸ்ல விட்டுட்டு சாப்பிடப் போயிட்டீங்க. இது ஊகம்தான், நீங்க சாம்பிள் கவுண்ட் எழுதல. கவுண்ட் ரெண்டு தடவையும் ஒண்ணா இருந்தாலும்கூட இந்த வித்தியாசம் வரலாம், பத்து லட்சம் சாம்பிள்ல பீக் சும்மா அதிர்ஷ்டத்துலயே மேலயும் கீழயும் 0.4 டிபி கிட்ட ஆடும். அதே பத்து லட்சத்துல 0.01%-ஐப் பாருங்க, அந்தக் கோட்டுக்கு மேல சுமாரா நூறு சாம்பிள் நிக்கும், நூறுல சிதறல் பத்து, அதாவது 10%, அதை டிபி பக்கம் கொண்டு போனா வெறும் 0.05. அதான் ஒண்ணு கல்லு மாதிரி நிக்குது, இன்னொண்ணு ஆடுது, ரெண்டும் ஒரே டேபிள்ல ஒரே சைஸ் எழுத்துல இருக்கறதால நாம ரெண்டுக்கும் ஒரே மரியாதை கொடுத்துடறோம். என் கைக்கணக்கு, எந்தச் சதவீதத்தைப் படிக்கறீங்களோ அந்தக் கோட்டுக்கு மேல நூறு சாம்பிளாவது இருக்கணும். 0.001% வேணும்னா ஒரு கோடி சாம்பிள் எடுங்க. பத்து லட்சத்துல எடுத்தா மேல நிக்கறது பத்தே பத்து, 0.12 டிபி ஆடும், சில வேலைக்கு அதுவும் போதும்தான்.

ஆனா சாம்பிள்னா தனித்தனி சாம்பிளா இருக்கணும், இதை மேனுவல்ல பெரிசா சொல்ல மாட்டாங்க. உங்க சிக்னல் நிரப்பறது 18 மெகாஹெர்ட்ஸ், அப்ப புதுசா ஒரு தகவல் வர சுமாரா 55 நானோசெகண்ட் ஆகும். அதை நாலு மடங்கு வேகமா சாம்பிள் பண்ணினா கவுண்ட் நாலு மடங்கு ஏறும், தகவல் ஏறாது, ஒரே உச்சத்தை நாலு தடவை எண்ணிட்டிருப்போம். (வேகமா எடுக்கறதுல ஒரு நல்லது உண்டு, ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கற உச்சி தப்பாது.)

இதுல இன்னொரு கூத்து இருக்கு. இதே டெஸ்ட்டை சிக்னல் ஜெனரேட்டர்ல ஃபைலை ஓட விட்டுப் பண்றவங்க "எனக்கு பீக் ஆடவே இல்லயே"ம்பாங்க. ஆடாது, அந்த ஃபைல் பெரும்பாலும் 10 மில்லிசெகண்ட், ஒரே ஒரு ஃப்ரேம், அதையே திரும்பத் திரும்ப ஓட்டுது. பத்து மில்லிசெகண்ட்ல தனித்தனி சாம்பிள் ரெண்டு லட்சம்கூடத் தேறாது, அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் அளந்தாலும் அதே ரெண்டு லட்சத்தைத்தான் திருப்பித் திருப்பி எண்றோம். கவுண்ட் கோடியைத் தொட்டதும் மெஷின் 0.0001%-க்கும் ஒரு நம்பர் தரும், அழகா வழுவழுன்னு ஒரு கோடும் வரும், அந்த நம்பருக்கு அர்த்தம் கிடையாது. ஜெனரேட்டர்ல பாஸான பிஏ லைவ் டிராஃபிக்ல வேற மாதிரி நடந்துக்குதுன்னு புலம்பறவங்க கிட்ட நான் மொதல்ல கேக்கறதே ஃபைல் எத்தனை ஃப்ரேம்னுதான்.

அடுத்தது உங்க பிஏ அவுட்புட் 8.1. இங்கதான் எனக்கு முழு நம்பிக்கை இல்ல, உக்கார்ந்த இடத்துல இருந்து சொல்ல முடியாது. 9.5 உள்ள போய் 8.1 வெளிய வந்தா உச்சங்கள் 1.4 டிபி நசுங்கியிருக்கு, அது நிஜம். ஆனா நசுக்கினது பிஏ-வா, அனலைசரான்னு இந்த ஒரு கர்வை வச்சுத் தெரியாது, ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அனலைசர் உள்ள மிக்ஸர் இருக்கு, ஏடிசி (சிக்னலை நம்பரா மாத்தறது) இருக்கு, அதுங்களும் ஒரு அளவுக்கு மேல போனா நசுக்கும். ஆவரேஜைப் பார்த்து அட்டென்யூவேட்டர் (உள்ள வர்ற சிக்னலைக் குறைக்கறது) வச்சீங்கன்னா ஆவரேஜ் சௌக்கியமா உள்ள போகும், அதுக்கு மேல எட்டு பத்து டிபி எழும்பற உச்சி மட்டும் தலையில இடிச்சுக்கும்.

இதுல நானே நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவன். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், ஒரு சின்ன பிஏ, சிசிடிஎஃப் போட்டா 7 டிபி வரைக்கும் காஸியன் கோட்டோட ஒட்டிக்கிட்டு வருது, அப்புறம் சுவத்துல இருந்து குதிச்ச மாதிரி செங்குத்தா கீழ விழுது. பிஏ-தான் கிளிப் ஆகுதுன்னு முடிவே பண்ணிட்டேன். பயாஸ் மாத்தினேன், மேட்சிங்ல கபாசிட்டர் மாத்தினேன், கடைசியில டிவைஸையே பிடுங்கிட்டு வேற போட்டேன், விரல் நுனி ரெண்டும் சால்டரிங் அயர்ன்ல பொசுங்கினதுதான் மிச்சம். ஒண்ணரை நாள் போச்சு. கோடு அதே 7 டிபி-ல, ஒரு இம்மி நகரல. டிவைஸ் மாத்தியும் நகரலேன்னா அது டிவைஸ் இல்லைன்னு அப்பவே உறைச்சிருக்கணும், உறைக்கல. பக்கத்து டேபிள் சீனியர் அக்கா காபி டம்ளரோட வந்தவங்க ஸ்கிரீன் மேல் மூலையைப் பார்த்துட்டு "தம்பி, ப்ரீஆம்ப் ஏன் ஆன்ல இருக்கு"ன்னாங்க. முந்தின ஷிப்ட்ல யாரோ நாய்ஸ் ஃபிளோர் பார்க்க ஆன் பண்ணிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க. ஓவர்லோட் வார்னிங் ஒண்ணரை நாளா கண்ணு முன்னாடியே இருந்திருக்கு, நான் கிராஃபை மட்டும் பெரிசு பண்ணி வச்சிருந்ததால அந்த வரி மறைஞ்சு போச்சு.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, அனலைசர் அட்டென்யூவேட்டரை 10 டிபி கூட்டி அதே அளவைத் திரும்ப எடுங்க. கர்வ் அசையலேன்னா நசுக்கறது பிஏ. 8.1 மேல ஏறி 8.6, 9 பக்கம் போச்சுன்னா அந்த அளவுக்கு அனலைசர் நசுக்கிட்டிருந்திருக்கு, கர்வ் அசையறது நிக்கற வரைக்கும் இன்னும் கூட்டுங்க. ஆட்டோ ரேஞ்சை நம்பாதீங்க, அது கொஞ்ச நேரம் பார்த்துட்டு ரேஞ்சை முடிவு பண்ணும், பத்தாயிரத்துல ஒரு தடவை வர்றவன் அந்தக் கொஞ்ச நேரத்துல வரணும்னு என்ன இருக்கு. வெளிய போட்டிருக்கற பேடையும் (தனியா மாட்டற அட்டென்யூவேட்டர்) பாருங்க, 30 டிபிஎம் ஆவரேஜ், அதுக்கு மேல 8.1, உச்சத்துல 38.1 டிபிஎம், ஆறரை வாட். அனலைசர் இன்புட் தாங்கறது பொதுவா 1 வாட். 30 டிபி பேட் போட்டிருந்தா சரி, பேட் இல்லாம நேராக் குத்தியிருந்தா இதைப் படிக்கறதை நிறுத்திட்டு மொதல்ல கேபிளைக் கழட்டுங்க.

அனலைசர் சுத்தம்னு ஆயிட்டா அப்ப அந்த ரெண்டு கர்வை வச்சு ஒரு நல்ல வேலை பண்ணலாம், நிறைய பேர் பண்றதில்ல. டிபி வித்தியாசமா படிக்காம ரெண்டையும் டிபிஎம்-ஆ மாத்துங்க. உள்ள ஆவரேஜ் 0 டிபிஎம்னு வச்சுக்குவோம், 0.01%-ல 9.5 டிபிஎம். வெளிய 38.1. ரெண்டுக்கும் வித்தியாசம் 28.6, அதுதான் உச்சத்துல பிஏ-வோட கெயின். அதே மாதிரி 10% கோட்டுல உள்ள எவ்வளவு, வெளிய எவ்வளவுன்னு படிச்சா நடு மட்டத்துல கெயின் கிடைக்கும், 1%, 0.1%-னு இறங்கி வந்தா கெயின் எங்க இருந்து சரிய ஆரம்பிக்குதுன்னு ஒரு படமே வந்துடும், தனியா ஸ்வீப் பண்ண வேண்டாம். பெருசு உள்ள போனா பெருசு வெளிய வரும்ங்கற வரைக்கும் இது சரி. பிஏ-வுக்கு மெமரி எஃபெக்ட் ஜாஸ்தின்னா ஒரே இன்புட்டுக்கு வேற வேற அவுட்புட் வரும், அப்ப இது தோராயம்தான், டிபிடி (பிஏ பண்ற கோணலுக்கு எதிர்க் கோணலை முன்கூட்டியே சேர்த்து சரி பண்றது) பண்றதுக்கு இந்தப் படத்தை எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க. வெறும் 9.5 கழித்தல் 8.1-ஐ நேரா கம்ப்ரஷன்னு எழுதறதும் முழுசா சரியில்ல, ஏன்னா உச்சம் நசுங்கும்போது ஆவரேஜும் கூடவே கொஞ்சம் இறங்கும், அளவுகோலே நகர்ந்துடுது. நிஜக் கம்ப்ரஷன் 1.4-ஐ விட ஒரு துளி அதிகமாத்தான் இருக்கும்.

பேண்ட்விட்த் செட்டிங் பத்தி நீங்க எதுவும் சொல்லல, அதனால சும்மா ஒரு வார்த்தை. அளக்கற பேண்ட்விட்த் சிக்னலை விட அகலமா இருக்கணும், 18 மெகாஹெர்ட்ஸுக்கு 20, 25-னு வைங்க. குறுகலா வச்சீங்கன்னா நீங்க அளக்கறது உங்க சிக்னலே இல்ல, அதுல வெட்டின ஒரு துண்டு. இதுல மோசம் என்னன்னா துண்டு எப்பவுமே காஸியன் மாதிரித்தான் தெரியும். சிங்கிள் கேரியர் க்யூபிஎஸ்கே, உச்சம் கம்மியா இருக்கற நல்ல பிள்ளை, அதையே குறுகின ஃபில்டர்ல விட்டா எத்தனையோ சிம்பல் ஒண்ணு மேல ஒண்ணு கலந்து நாய்ஸ் மாதிரி ஆயிடும், எட்டு ஒன்பது டிபி-ன்னு காட்டும். பழைய ஸ்வெப்ட் அனலைசர்ல பீக் டிடெக்டர் வச்சு ஒண்ணு, ஆவரேஜ் டிடெக்டர் வச்சு ஒண்ணு எடுத்து கழிக்கறாங்களே, அதுவும் இதே குழியில விழறதுதான். ரொம்ப அகலமா வச்சாலும் வம்பு, பக்கத்து நாய்ஸ் உள்ள வரும், ஆனா உங்க லெவல்ல அது ஒண்ணும் பண்ணாது.

36.8% கதைக்கு வரேன்னு சொன்னேன்ல. சிக்னல் விட்டு விட்டு வந்தா, அதாவது டிடிடி (ஒரே அலைவரிசையில அனுப்பறதும் வாங்கறதும் மாறி மாறி நடக்கறது) மாதிரி, அனலைசர் ஆஃப்ல இருக்கற நேரத்தையும் சேர்த்து ஆவரேஜ் போட்டுடும். ஆவரேஜ் இறங்கினா உச்சம் தானா உசந்த மாதிரி தெரியும். ஜிஎஸ்எம் நல்ல உதாரணம், கான்ஸ்டன்ட் என்வலப், பீக்கும் ஆவரேஜும் ஒண்ணுதான், எட்டு ஸ்லாட்ல ஒண்ணுல மட்டும் பேசும். ட்ரிகர் போடாம சிசிடிஎஃப் எடுத்தா கோடு 12.5%-லயே படுத்துக்கிட்டு 9 டிபி வரைக்கும் போய் அங்க தொப்புன்னு விழும். அந்த 9 டிபி சிக்னல்ல இல்ல, எட்டுல ஒண்ணுங்கற கணக்குல இருந்து வந்தது. 0 டிபி வரியில 36.8-க்குப் பதிலா 12.5 பார்த்ததும் மணி அடிக்கணும். பர்ஸ்ட்டா இருந்தா ட்ரிகரும் கேட்டும் வச்சு ஆன்ல இருக்கற நேரத்தை மட்டும் அளங்க. உங்க நம்பர் காஸியனுக்குப் பக்கத்துல நிக்கறதால நீங்க இந்தத் தப்பைப் பண்ணலன்னு நினைக்கறேன்.

மெஷின் மேல இன்னும் சந்தேகம்னா பத்து நிமிஷத்துல தீர்த்துக்கலாம். ஜெனரேட்டர்ல இருந்து வெறும் சிடபிள்யூ (ஏத்த இறக்கம் இல்லாத ஒரே டோன்) விடுங்க, கோடு 0 டிபி-லயே செங்குத்தா விழணும். ஒரே லெவல்ல ரெண்டு டோன் விடுங்க, 0 டிபி-ல 50%, 3 டிபி-ல முடியணும். அப்புறம் இன்புட்டைக் கழட்டி 50 ஓம் மாட்டுங்க, மெஷினோட சொந்த நாய்ஸ் காஸியன் கோட்டு மேல படுத்துக்கணும். கடைசியா சொன்னது ரெண்டு பக்கம் வெட்டற கத்தி, உங்க சிக்னல் காஸியன் கோட்டு மேல அச்சு அசலா உக்கார்ந்திருந்தா கேபிள் மாட்டியிருக்கான்னும் ஒரு தடவை பார்த்துடுங்க. சிரிக்காதீங்க, நடந்திருக்கு.

ஆவரேஜ் 30 டிபிஎம் சரிதானான்னு கேட்டா, சேனல் பவர் மெஷர்மென்ட்ல ஆர்எம்எஸ் டிடெக்டர்ல (பவரையே ஆவரேஜ் பண்றது) எடுத்திருந்தா சரி. சிலர் லாக் ஸ்கேல்ல ட்ரேஸ் ஆவரேஜ் போட்டுட்டு அதைப் படிப்பாங்க, நாய்ஸ் மாதிரி சிக்னலுக்கு அது 2.51 டிபி குறைச்சுக் காட்டும், டிபி-களை ஆவரேஜ் பண்றதும் வாட்டை ஆவரேஜ் பண்றதும் வேற வேற. பவர் மீட்டர் இருந்தா ஒரு தடவை ஒப்பிடுங்க, தெர்மல் சென்சார்னா உச்சம் எப்படி இருந்தாலும் ஆவரேஜை ஒழுங்கா சொல்லும், பழைய டயோட் சென்சார்னா மைனஸ் 20 டிபிஎம்-க்குக் கீழ வச்சு அளங்க.

இனிமே லீட். எந்தச் சதவீதம்னு அவரு முடிவு பண்ணணும், அது இயற்கை விதி இல்ல, பழக்கமும் சட்டமும்தான். அமெரிக்காவுல எஃப்சிசி (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) சில பேண்டுகள்ல பீக் டு ஆவரேஜ் 13 டிபி-யைத் தாண்டக் கூடாதுன்னு வச்சிருக்கு, அதை சிசிடிஎஃப்ல 0.1%-ல படிக்கறாங்க. பேஸ் ஸ்டேஷன் பிஏ, சிஎஃப்ஆர் வேலை பண்றவங்க பெரும்பாலும் 0.01% பேசுவாங்க, நானும் அதான். அதுக்கு ஒரு உருவம் கொடுத்துப் பார்த்தா, 10 மில்லிசெகண்ட் ஃப்ரேம்ல 0.01%-ங்கறது மொத்தமே ஒரு மைக்ரோசெகண்ட், உச்சம் ஒண்ணு சுமாரா 55 நானோசெகண்ட்னா ஒரு ஃப்ரேமுக்குப் பதினெட்டு உச்சம், 140 சிம்பல்ல அங்கொண்ணு இங்கொண்ணா சிதறி. இந்தப் பதினெட்டை வெட்டினா லிங்க் செத்துப் போயிடாது. என்ன ஆகும்னு தெரிய சிசிடிஎஃப் உதவாது, அது எப்ப வந்துச்சு, பக்கத்துச் சேனல்ல எவ்வளவு தெறிச்சுதுன்னு சொல்லாது. அதுக்கு ஈவிஎம்மும் (சிம்பல் இருக்க வேண்டிய இடத்துல இருந்து எவ்வளவு விலகிச்சுங்கறது) ஏசிஎல்ஆரும் (பக்கத்துச் சேனல்ல தெறிக்கறது நம்ம சேனலை விட எத்தனை டிபி கம்மிங்கறது) பார்க்கணும். எல்டிஇ பேஸ் ஸ்டேஷனுக்கு 64 க்யூஏஎம் மாடுலேஷன்ல ஈவிஎம் 8% வரைக்கும் விடறாங்க, 256-ல 3.5%, ஏசிஎல்ஆர் 45 டிபி. உங்க பிஏ 1.4 டிபி நசுக்கியும் ஈவிஎம் தாங்கலாம், ஏசிஎல்ஆர்தான் மொதல்ல கையை விரிக்கும்னு என் அனுபவம், ஆனா உங்க பிஏ டேட்டாஷீட்டை நான் பார்க்கல, டிபிடி இருக்கான்னும் நீங்க எழுதல, அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

ரிப்போர்ட்ல நான் எழுதறதா இருந்தா பீக்னு தனியா ஒரு வரியே போட மாட்டேன். "ஆவரேஜ் 30.0 டிபிஎம், 0.01%-ல 38.1 டிபிஎம், 10 லட்சம் சாம்பிள், அளந்த பேண்ட்விட்த் 25 மெகாஹெர்ட்ஸ், லைவ் டிராஃபிக், கேட் இல்ல"ன்னு ஒரே வரி. லீட் ஒரே நம்பர்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா 38.1-ஐக் கொடுத்துட்டு பக்கத்துலயே 0.01%-ஐ ஒட்டி எழுதிடுங்க, பிரிச்சுக் கொடுக்காதீங்க, நாளைக்கு வேற யாராவது அளந்து 38.9-னு வந்து நிக்கும்போது உங்களைத்தான் கூப்பிடுவாங்க. அதுக்கு முன்னாடி அந்த 10 டிபி அட்டென்யூவேட்டர் வேலையை முடிச்சுட்டு ரெண்டு டேபிளையும் இங்க போடுங்க. 8.1 நகர்ந்துச்சுன்னா இந்த 38.1 நம்பரே மாறிடும், அப்ப பிஏ பத்தி நான் மேல எழுதினதுலயும் பாதியைத் திரும்பப் பார்க்கணும்.